பிள்ளையார் படம் போட்ட மட்டை

அச்சுவேலி
20.01.2024

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

ஆரணி எழுதுகிறேன். அம்மா, அப்பா, நான் மூவரும் சுகம். பொங்கலன்று மழை தூறியபடியால் அடுப்பை விறாந்தைக்குள் இழுத்துவைத்துப் பொங்கினோம். லண்டன் குளிரில் உங்கள் கை மூட்டு நோ எப்படி இருக்கிறது? அதை முதலில் எழுதுங்கோ.

லண்டனிலிருந்து வந்த சிவதர்ஷன் அண்ணையிடம் நீங்கள் கொடுத்துவிட்ட பொதி பத்திரமாக வந்து சேர்ந்தது. நீங்கள் ரெயினில் கதைகள் வாசித்த அதே கருவியை, அந்த ஈ-றீடரையே, எனக்குத் தருவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. நன்றி போனில் சொன்னேன்தான். ஆனால் அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்துவிடுவா, பக்கத்து வீட்டு ஆட்களும் வந்து உங்களைச் சுகம் கேட்பார்கள். அதற்குள் புத்தகங்களைப் பற்றி எப்படிக் கதைப்பது? அதனால்தான் நீங்கள் சொன்னபடி கடிதமே எழுதுகிறேன்.

காலையில் நான் பள்ளிக்கூடத்துக்கு யாழ்ப்பாணம் போகிற மினிபஸ்ஸில் யார் என்ன வாசிக்கிறார்கள் என்று பார்ப்பது என் வழக்கம். கனகலிங்கம் மாஸ்டரை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பென்சன் எடுத்துவிட்டார், ஆனாலும் தினமும் யாழ்ப்பாண ரவுணுக்குப் போகிறார். பேப்பரை நாலாக மடித்து மரண அறிவித்தலில் தொடங்குவார். பேப்பர் பிடித்தவுடன் ஆட்களுக்கு முகத்தில் ஒரு பெரிய மனிதத்தன்மை வந்துவிடுகிறது. ரியூசன் பிள்ளைகள் பாடக் குறிப்பை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நித்திரை கொள்ளுவார்கள். அவர்களைக் கெட்டிக்காரர் என்பார்கள். போன் பார்க்கிறவர்கள் வாசிக்கிறார்கள் என்று மட்டும் ஒருவரும் நினைப்பதில்லை. பெடியன் பார்த்தால் கேம் விளையாடுகிறான், பெட்டை பார்த்தால் பெடியனோடு கதைக்கிறாள். அவ்வளவுதான் தீர்ப்பு.

நான் உங்கள் ஈ-றீடரைத் திறந்தபோது எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், அது எனக்குப் பிடித்திருந்தது. லண்டன் ரெயினில் நீங்கள் இருப்பதைப் போல நிமிர்ந்து இருந்துகொண்டேன்.

வெளியே போகும்போது தலையை மூடிக்கொண்டு போங்கோ.

உங்கள் மகள்
ஆரணி

* * *

லண்டன்
16.02.2024

என் செல்ல மகள் ஆரணிக்கு,

சின்னம்மாவின் அன்பு முத்தங்கள். உன் கடிதம் வரும்போது இங்கே வாசல் முழுக்க ஐஸ். கை நோ பரவாயில்லை. அக்காவுக்குப் பிரஷர் மருந்தை விடாமல் போடச் சொல்லு.

இந்த ஊர் ரெயினில் ஆளை ஆள் பார்ப்பது மரியாதைக் குறைவு. எல்லாரும் கையில் எதையாவது பிடித்துக்கொண்டிருப்பார்கள். அதைப் பார்த்தே ஆள் யார் என்று முடிவு கட்டுவார்கள், ஆனால் கேட்கமாட்டார்கள். நான் கடைக்கு வேலைக்குப் போகும் வழியில்தான் அந்தக் கருவியில் இருக்கிற இவ்வளவையும் வாசித்தேன். ரெயில் நிலையத்தில் ஆட்கள் மறந்துவிட்டுப் போகிற பெட்டிகளைக் காவல்காக்கும் கிழவரின் கதை அதில் இருக்கிறது, அதை முதலில் வாசி. மூன்று நாளில் முடித்தேன். கடைசி அத்தியாயத்தில் இறங்க வேண்டிய இடத்தையே விட்டுவிட்டேன்.

நீ நிமிர்ந்து இருந்தாய் என்று எழுதியதை வாசித்துச் சிரித்தேன். அப்படியே இரு. வாசிக்கிற பிள்ளை யாருக்கும் ஒளிக்கத் தேவையில்லை.

வெயில் ஏறமுன் பள்ளிக்கூடம் போய்ச் சேர்.

அன்புடன்
சின்னம்மா தர்சினி

* * *

அச்சுவேலி
09.03.2024

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது, அதை மூன்று தரம் வாசித்தேன். வீட்டில் எல்லாரும் சுகம். அம்மா மருந்து போடுகிறா, நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஒரு சின்னப் பிரச்சினை. பஸ்ஸில் வாசிக்கும்போது ஒரு இடத்தில் சிரித்துவிட்டேன். அன்று பின்னேரமே கனகலிங்கம் மாஸ்டர் எங்கள் வாசல் படலையில் சைக்கிளை நிறுத்தி, இறங்காமலே அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

“பிள்ளை, குறை நினையாதேயும். உம்மடை மகள் பஸ்ஸிலை போனைப் பார்த்துத் தன்பாட்டிலை சிரிச்சுக்கொண்டு வாறா. வயசு அப்பிடி. ஒருக்காக் கவனியும்.”

அது போன் இல்லை, அதில் கதைக்கவே ஏலாது என்று நான் அம்மாவுக்கு எடுத்துக் காட்டினேன். அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எனக்குத் தெரியுது, ஊருக்குத் தெரியாதே என்றா. பஸ்ஸில் அதை வெளியே எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டா. எனக்குப் பஸ்ஸில் மட்டும்தான் வாசிக்க நேரம், வீட்டில் படிப்புக்கும் வேலைக்குமே நேரம் சரி. ஆனால் கவலைப்படாதேயுங்கோ, ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன்.

பெட்டிக் கிழவரின் கதையைத் திறந்தேன். ஒவ்வொரு கதைக்கும் கீழே எவ்வளவு வாசித்தாயிற்று என்று அது காட்டுகிறதல்லவா? நீங்கள் மூன்று நாளில் முடித்த கதைக்கு நூற்றுக்கு மூன்று வீதம் என்று காட்டுகிறது. மற்றக் கதைகளும் அப்படித்தான், இரண்டு, நாலு என்று நிற்கின்றன. கருவியில் ஏதும் பழுதோ? திருத்தத் தெரிந்தால் எழுதுங்கோ.

கை நோவுக்கு ஒத்தடம் பிடியுங்கோ.

உங்கள் மகள்
ஆரணி

* * *

லண்டன்
22.04.2024

அன்பு ஆரணிக்கு,

நான் சுகம். கடையில் ஆள் குறைவு, அதனால் எழுதப் பிந்திவிட்டது.

ஓம், அது பழுதுதான். பழைய கருவி. நீ அதைப் பாராமல் உன்பாட்டில் வாசி.

சித்திரைப் புத்தாண்டுக்கு உடுப்பு எடுத்தாயா? என்ன நிறம் என்று எழுது. அந்த வழி என்ன என்றும் நீ எழுதவில்லை.

அன்புடன்
சின்னம்மா

* * *

அச்சுவேலி
18.05.2024

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

வெக்கை தாங்க முடியவில்லை, மற்றபடி எல்லாரும் நலமாக இருக்கிறோம். புத்தாண்டுச் சட்டை மாம்பழ மஞ்சள். உங்கள் கடிதம் சின்னதாக இருந்தது. வேலைக் களை என்று நினைத்துக்கொண்டேன்.

கருவி இங்கே வந்தபின் திருந்திவிட்டது போல. நான் பெட்டிக் கிழவரை முடித்தேன், சரியாக நூறு வீதம் என்று காட்டுகிறது. லண்டன் குளிருக்குத்தான் ஏதோ நடந்திருக்க வேண்டும்.

வழி என்ன என்று சொல்கிறேன். சிரிக்கக் கூடாது. எங்கள் சாமியறையில் ஒரு பழைய தோத்திரப் புத்தகம் இருந்ததே, தடித்த மட்டையில் பிள்ளையார் படம் போட்டது. ஒற்றைகள் தனியாகவும் மட்டை தனியாகவும் கழன்றுவிட்டன. அம்மா புதிது வாங்கிவிட்டா. நான் ஒற்றைகளைத் துணியில் சுற்றி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டு, மட்டைக்குள் ஈ-றீடரை வைத்து இலாஸ்ரிக் போட்டேன். அளவு சரி. பாதி மடித்துப் பிடித்தால் பக்கத்தில் இருப்பவருக்கும் பிள்ளையார் மட்டும்தான் தெரிவார்.

சின்னம்மா, நீங்கள் நம்பமாட்டீர்கள். முதல் நாளே பஸ் மாறிவிட்டது. கொண்டக்டர் பிரகாஸ் அண்ணை, தங்கச்சி சாமிப் புத்தகம் வாசிக்கிறா, இடம் விடுங்கோ என்று ஒரு பெடியனை எழுப்பி எனக்கு யன்னல் சீற்றைத் தந்தார். கனகலிங்கம் மாஸ்டர் பேப்பருக்கு மேலால் பார்த்துத் தலையை ஆட்டினார். பின் சீற்றுப் பெடியள் எனக்குச் சாமியாரம்மா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் உள்ளே வாசித்துக்கொண்டிருந்தது கிணற்றுக்குள் பிணமாகக் கிடந்த ஒருவரை யார் கொன்றது என்ற கதை.

இப்போது ஒருவர் தினமும் என் பக்கத்தில் வந்து இருக்கிறா. இரத்தினம்மா என்று பெயர். சண்டைக் காலத்தில் மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து வந்து எங்கள் ஊர் ஓரத்துக் குடியிருப்பில் இருக்கிறவ. ஆமி பிடித்திருந்த காணி திரும்பக் கிடைத்தும் அங்கே வீடு இல்லையாம். புருசன் தேவராசா ஐயா யாழ்ப்பாணத்தில் ஆசுப்பத்திரியில் கிடக்கிறார், நெஞ்சு வருத்தம். தினமும் கஞ்சிப் போத்தலோடு போகிறா. ஒரு நாள் கண்ணாடி கொண்டுவர மறந்துவிட்டேன் என்று சொல்லி, கொஞ்சம் சத்தமாக வாசிக்கச் சொன்னா. என் விரலுக்குக் கீழே கிணற்றுப் பிணம். நான் கண்ணை மூடிக்கொண்டு, பள்ளிக்கூடக் காலைக் கூட்டத்தில் பாடுகிறதைப் பாடினேன். அவ கையைக் கூப்பிக்கொண்டு கேட்டா. அதற்குப் பிறகு தினமும் ஒன்று பாடுகிறேன். பாட்டு முடிந்ததும் அவ யன்னலால் பார்த்துக்கொண்டு இருப்பா, நான் கிணற்றடிக்குத் திரும்பிவிடுவேன்.

பாடும்போது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் பாட்டு உண்மைதானே?

உங்கள் மகள்
ஆரணி

* * *

லண்டன்
15.06.2024

என் சாமியாரம்மாவுக்கு,

இங்கே வெயில் வந்துவிட்டது, கை நோ போய்விட்டது. நீங்கள் எல்லாரும் நல்லாயிருக்க வேண்டும்.

கடைக் குசினிக்குள் நின்று உன் கடிதத்தை வாசித்துக் கண்ணீர் வரச் சிரித்தேன். என்னோடு வேலை செய்கிற பிள்ளைக்கும் மொழிபெயர்த்துச் சொன்னேன். சரியான கெட்டிக்காரி நீ. ஆட்கள் எதைப் பார்க்க விரும்புகிறார்களோ அதைக் காட்டிவிட்டு நம்பாட்டில் இருந்தால் நிம்மதி. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? அந்த மனுசிக்கும் சந்தோசம், உனக்கும் யன்னல் சீற்.

கொலை செய்தது யார் என்று மட்டும் சொல்லிவிடாதே.

அன்புடன்
சின்னம்மா

* * *

அச்சுவேலி
20.07.2024

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் சுகம் என்று நம்புகிறேன்.

இங்கே மழை இல்லை. தவணைப் பரீட்சை தொடங்கப்போகிறது. அம்மா உங்களை விசாரித்தா. நான் இப்போது அவ்வளவு வாசிப்பதில்லை.

உங்கள் மகள்
ஆரணி

* * *

லண்டன்
10.08.2024

அன்பு ஆரணிக்கு,

உனக்கு என்ன சுகமில்லை? நாலு வரிக் கடிதம் எழுதுகிற பிள்ளையா நீ?

நேற்றுப் போனில் அக்கா சொன்னா, நீ இப்போது இருட்டோடு எழும்பி முதல் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போகிறாயாம். காலைக் குளிர்மையில் படிக்கவாம். அக்கா பெருமையாகச் சொன்னா. ஸ்பீக்கரில் நீயும் அங்கேதான் இருந்தாய், மூச்சுக்கூட விடவில்லை.

பெடியள் யாரும் கரைச்சல் தருகிறார்களா? யாரிடமும் சொல்லமாட்டேன். எழுது.

சின்னம்மா

* * *

அச்சுவேலி
31.08.2024

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. பெடியள் யாரும் கரைச்சல் தரவில்லை. கரைச்சல் கொடுத்தது நான்தான்.

ஆனி மாதக் கடைசியில் ஒரு நாள் இரத்தினம்மா அம்மா கோயிலுக்குப் போகிற சேலை கட்டி, திருநீறு பூசிக்கொண்டு வந்தா. கஞ்சிப் போத்தல் இல்லை. இருந்ததும் என் கையைப் பிடித்தா.

“பிள்ளை, இண்டைக்கு அவருக்கு ஒப்பரேசன். நீர் பாடின பாட்டெல்லாத்தையும் நான் போய் அவருக்குச் சொல்லுறனான். உந்தப் புத்தகத்தை ஒருக்காத் தாருமன். உள்ளை கொண்டுபோகமட்டும் தலைமாட்டிலை வைச்சிட்டு, பின்னேரம் பஸ்ஸிலை கொண்டுவந்து தாறன்.”

சொல்லிக்கொண்டே மட்டைக்குக் கையை நீட்டினா. நான் அதை நெஞ்சோடு இழுத்துக்கொண்டேன். இழுத்தால் காரணம் சொல்ல வேண்டும். மட்டையைத் திறந்தால் பிரகாஸ் அண்ணையும் மாஸ்டரும் பெடியளும் முழு பஸ்ஸும் பார்க்கும். என் வாயில் முதலில் வந்ததைச் சொன்னேன்.

“ஆசுப்பத்திரிக்குக் குடுக்கேலாது அம்மா. துடக்கு.”

சத்தியமாக நான் ஆசுப்பத்திரியை நினைத்துத்தான் சொன்னேன் சின்னம்மா. செத்த வீட்டுக்குப் போய்வந்தால், ஆசுப்பத்திரிக்குப் போய்வந்தால் அம்மா குளிக்காமல் சாமியறைக்குள் விடமாட்டாவே, அந்தத் தீட்டு, அந்தத் துடக்கு. ஆனால் சொன்னவுடன் அவவின் முகத்தைப் பார்த்தேன். நீட்டிய கை நடுவிலேயே நின்றது. பிறகு அதை மடக்கிச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டா.

“ஓம் பிள்ளை. நான் யோசிக்கேல்லை.”

அப்போது முன் சீற்றிலிருந்து மாஸ்டர் திரும்பினார்.

“நல்ல வளர்ப்பு. சாமிப் புத்தகத்தைக் கண்டவையின்ரை கையிலை குடுக்கக் கூடாது.”

அவர் என்னைப் பாராட்டினார். எங்கள் ஊரில் அந்தக் குடியிருப்பு ஆட்களுக்குத் தேத்தண்ணி கொடுக்க வேறு கிளாஸ் வைத்திருக்கிற வீடுகள் உண்டு என்பது எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக் குசினி யன்னலிலும் ஒன்று கவிழ்த்துக் கிடக்கிறது. நாங்கள் யாரும் அதில் குடிப்பதில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. கேள்வி கேட்கிற பிள்ளை என்று எனக்குப் பெயர்.

அவவின் கை பட்டால் துடக்கு என்றுதான் நான் சொன்னேன் என்று பஸ் முழுக்க நினைத்தது. அவவும் நினைத்தா. இல்லை அம்மா, நான் அதைச் சொல்லவில்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அடுத்ததாக, அப்ப ஏன் தரேல்லை என்று கேட்பார்கள். நீர்வேலி, கோப்பாய், இருபாலை எல்லாம் போனது. நான் மட்டையைப் பிடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவ யன்னல் பக்கம் பார்க்கவில்லை, தன் கையைப் பார்த்துக்கொண்டு வந்தா. ரவுணில் இறங்கும்போது என் புத்தகப் பையில் சேலை முட்டாமல் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினா.

அடுத்த நாள் அவ பின்னால் நின்றுகொண்டு வந்தா. என் பக்கத்துச் சீற் வெறுமையாக இருந்தது. அதற்கு அடுத்த நாளிலிருந்து நான் முதல் பஸ்ஸில் போகிறேன். படிக்க இல்லை.

ஒப்பரேசன் என்னவாயிற்று என்றுகூட எனக்குத் தெரியாது. யாரிடம் கேட்பது, எந்த முகத்தோடு கேட்பது? அவவிடம் போய் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைக்கிறேன். பஸ்ஸில் சொன்ன சொல்லைப் பஸ்ஸில்தான் திருப்பி எடுக்க வேண்டும். அதற்குத்தான் பயமாக இருக்கிறது. சாமியாரம்மா பொய்க்காரி என்று ஆகிவிடும்.

நீங்கள் என்ன செய்வீர்கள் சின்னம்மா? நீங்கள் ஒளிக்காமல் வாசிக்கிறவர். உங்களுக்கு இப்படி வந்திருக்காது.

உங்கள் மகள்
ஆரணி

* * *

லண்டன்
19.10.2024

அன்பு மகள் ஆரணிக்கு,

இவ்வளவு நாள் பதில் எழுதாததற்கு வேலை காரணம் இல்லை. இரண்டு தரம் எழுதிக் கிழித்தேன். மன்னித்துக்கொள்.

கருவியில் ஒரு நாளும் பழுது இருந்ததில்லை. மூன்று வீதம் என்றால் நான் மூன்று வீதம்தான் வாசித்தேன். மற்றதும் அப்படித்தான். உன் சித்தப்பா வீட்டை விட்டுப் போன வருடத்திலிருந்து என்னால் வாசிக்க முடியவில்லை. இரண்டாம் பக்கத்திலேயே மனம் வேறு எங்கோ போய்விடும். முன்பு அப்படி இல்லை, அச்சுவேலியில் மீன் சுற்றி வந்த பேப்பரையும் விரித்து வாசிக்கிறவள் நான். எல்லாரும் இன்னும் அந்தத் தர்சினியையே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அதை உடைக்க எனக்கு மனம் வரவில்லை.

பெட்டிக் கிழவரைப் பற்றி உனக்கு எழுதியது, வாசித்த வேறு ஆட்கள் இணையத்தில் எழுதியிருந்தது. இறங்க வேண்டிய இடத்தை விட்டதும் நான் இல்லை.

ஏன் அதை ரெயினில் பிடித்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? கோட்டுக்குள் கடைச் சீருடை தெரியும். அதைப் பார்த்ததும் ஆட்களின் கண் என்னைத் தாண்டிப் போய்விடும். தோல் உறை போட்ட அந்தக் கருவியைத் திறந்தால் போகாது. ஒரு நாள் பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பெண் சிரித்த முகத்தோடு என்ன வாசிக்கிறீர்கள் என்று கேட்டா. நான் பதில் சொல்ல, மேலே எழுதியிருந்த பெயரைக் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. அவவுக்கு விளங்கிவிட்டது. மரியாதையாக மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டா. அந்தக் கிழமைதான் சிவதர்ஷன் ஊருக்குப் போகிறான் என்று கேள்விப்பட்டு அதைப் பொதி செய்தேன். உனக்குப் பரிசு என்று சொன்னேன். எங்கே நிறுத்தினேன் என்பதை அது ஞாபகம் வைத்திருக்கும் என்று நான் யோசிக்கவில்லை.

நீ மட்டையைப் பற்றி எழுதியபோது இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று எழுதினேனே, அது உனக்கு எழுதியது இல்லை, எனக்கு.

என்ன செய்வீர்கள் என்று கேட்டாய். நான் செய்யமாட்டேன் பிள்ளை. நானும் முதல் பஸ்ஸில்தான் போவேன். இதுதான் உண்மை. இதை வைத்துக்கொண்டு நீ என்ன செய்ய வேண்டும் என்று என்னால் சொல்ல முடியாது.

உன் கடிதங்களை மட்டும் கடைசி வரி வரை வாசிக்கிறேன்.

சின்னம்மா

* * *

அச்சுவேலி
07.12.2024

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

மழையும் வெள்ளமும் வடிந்துவிட்டது. எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. எல்லாரும் சுகம். உங்கள் கடிதத்தை அம்மாவுக்குக் காட்டவில்லை, காட்டவும் மாட்டேன். உங்களோடு எனக்குக் கோபம் இல்லை. கொஞ்ச நாள் இருந்தது. நீங்கள் வாசித்தீர்கள் என்பதற்காகவே நான் சில புத்தகங்களைப் பிடிக்காமலே முடித்தேன், அந்தக் கோபம்.

உங்கள் கடிதம் வந்த அடுத்த திங்கள் நான் பழைய பஸ்ஸில் ஏறினேன். முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை, தோத்திரப் புத்தக ஒற்றைகளை அலுமாரிக்கு மேலிருந்து எடுத்து ஊசியால் தைத்து, மட்டைக்குள் வைத்து ஒட்டியிருந்தேன். ஈ-றீடரைத் தனியாகக் கையில் எடுத்துக்கொண்டேன், ஒன்றும் சுற்றாமல். இரத்தினம்மா அம்மா பின்னால் நின்றா. மெலிந்துவிட்டா. நான் அவவுக்கு முன்னால் போய் நின்று, கோப்பாய் வரமுன் எல்லாவற்றையும் சொன்னேன். மட்டைக்குள் இருந்தது இதுதான், அன்றைக்கு வாசித்தது கொலைக் கதை, பாடினது பாடமாக்கினது, துடக்கு என்றது பொய், இதை மறைக்கச் சொன்னது. பஸ் இரைச்சலில் நினைத்ததைவிடச் சத்தமாகச் சொல்லிவிட்டேன். மாஸ்டர் பேப்பரை இறக்கிவிட்டார். பின்னால் ஒரு பெடியன் சிரிக்கத் தொடங்கினான், பிரகாஸ் அண்ணை அவனைப் பார்த்த பார்வையில் நிறுத்திவிட்டான்.

அவ ஈ-றீடரை வாங்கவில்லை, பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா. கோபமாக இல்லை.

“அப்ப உம்மடை பேர் கெடாமல் இருக்க, என்னைத் துடக்காக்கிப் போட்டீர். என்ன?”

நான் ஓம் என்றேன். அவ சொன்னதைவிடச் சரியாக நான் எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை.

தைத்த புத்தகத்தை நீட்டினேன். ஒப்பரேசன் முடிஞ்சுது பிள்ளை, இப்ப வேண்டாம் என்றா. ஐயா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். அதற்குப் பதில் சொல்லவில்லை.

அன்று பின்னேரம் மாஸ்டர் மறுபடியும் படலைக்கு வந்தார். இந்த முறை சைக்கிளை விட்டு இறங்கினார். நான் பொய் சொன்னது அம்மாவுக்குப் பெரிதாகப் படவில்லை.

“உதை ஏன் பஸ்ஸிலை போய்ச் சொன்னனீ? இனி அந்தச் சனம் எங்களை என்னெண்டு நினைக்கும்?”

குசினி யன்னலில் கிடக்கிற கிளாஸைக் காட்டி, இவ்வளவு நாளும் என்னெண்டு நினைச்சிருக்கும் அம்மா என்று கேட்டேன். அடி விழுந்தது. ஈ-றீடர் இப்போது அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கிறது. கிளாஸ் இன்னும் யன்னலில்தான் இருக்கிறது. ஆனால் அன்றிலிருந்து நான் அதிலேதான் தேத்தண்ணி குடிக்கிறேன். அம்மாவும் பார்க்கிறா.

பஸ்ஸில் இப்போது என் கையில் ஒன்றும் இல்லை. சாமியாரம்மா பெயர் போய்விட்டது, யன்னல் சீற்றும் போய்விட்டது. இரத்தினம்மா அம்மாவும் நானும் ஒரே பஸ்ஸில் போவோம், கதைப்பதில்லை. கிட்டத்தட்ட ஒரு மாதம் அப்படியே போனது.

போன புதன்கிழமை பஸ்ஸில் சரியான சனம். நான் நடுச் சீற்றில் இருந்தேன். பக்கத்தில் இருந்தவர் நீர்வேலியில் இறங்க, அந்த இடம் காலியாயிற்று. இரத்தினம்மா அம்மா அதற்கு நேரே நின்றா. பிரகாஸ் அண்ணை, அம்மா இருங்கோவன் என்றார். பரவாயில்லைத் தம்பி என்றா. சனம் நெரித்தது, அவ கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றா. எனக்கு இருக்க முடியவில்லை. நானும் எழும்பி அவவுக்குப் பக்கத்தில் அதே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு இடம் காலி. இரண்டு பேரும் இருக்கவில்லை. மாஸ்டர் அன்று இடம் கிடைக்காமல் நின்றுகொண்டிருந்தார். எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு போய் யன்னலோரம் இருந்து, பக்கத்து இடத்தில் குடையை வைத்து, பேப்பரை விரித்தார்.

கல்வியங்காடு தாண்டியதும் ஒரு பள்ளத்தில் பஸ் தூக்கிப் போட்டது, என் தோள் அவவில் இடித்தது. நான் விலகப் போனேன். அவ விலகவில்லை. யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னா.

“நேற்று அவர் தன்ரை கையாலை கஞ்சி குடிச்சவர்.”

உங்கள் சுகத்தை எழுதுங்கோ சின்னம்மா. உண்மையான சுகத்தை.

உங்கள் மகள்
ஆரணி